தொப்பைக்குக் கீழே

இதை எழுதுவதை ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மனைவியிடம்தான் கேட்டேன். "எழுதுங்க. ஊர் பேரப் போட்டே எழுதுங்க. இல்லனா வேற யாருக்கோ வந்ததுன்னு படிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றாள். எனவே ஊரைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலை. வயது நாற்பத்து நான்கு.

கல்யாணத்தின்போது 68 கிலோ இருந்தேன். நாற்பதைத் தொட்டபோது 97. உயரம் 168 சென்டிமீட்டர். இடையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், அரியாங்குப்பம் என்று உட்கார்ந்தே போவேன். அங்கே எட்டு மணி நேரம் உட்காருவேன். திரும்பவும் உட்கார்ந்தே வந்து ராத்திரி ஒன்பதரைக்கு வயிறு முட்டச் சாப்பிடுவேன். நாலு மணிக்கு டீயோடு போண்டா, சனிக்கிழமை நண்பர்களோடு பீர். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்ட நாளெல்லாம் நினைவிருக்கிறது. தொப்பை வருவது எனக்குத் தெரிந்தேதான் வந்தது. தொப்பைக்குக் கீழே என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் அலுவலகக் கழிப்பறையில் நின்றபடி சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போலத்தான் நின்றேன். ஆனால் கையில் பிடிக்க எதுவும் அகப்படவில்லை. முன்தோல் மட்டும் சுருக்குப்பையின் வாய் மாதிரி மடிந்து வெளியே இருந்தது, மீதியெல்லாம் சதைக்குள் போயிருந்தது. சிறுநீர் நேராக விழாமல் சிதறி, பேன்ட்டின் முன்பக்கம் உள்ளங்கை அளவுக்கு நனைந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை முன்னால் பிடித்தபடி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்தரை மணிவரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து கதவுள்ள கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துதான் போனேன்.

அன்று இரவு குளியலறைக் கண்ணாடி முன் நின்று, அடிவயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சின்னதாகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, முடிவே கட்டிவிட்டேன். ஓர் ஆண் இதை நம்பத் தொடங்கிவிட்டால், அப்புறம் அவன் தன் வாழ்க்கை முழுவதையும் அந்த ஓர் இடத்திலிருந்தே பார்க்கிறான். சின்ன வயதுக் கைப்பழக்கத்தின் தண்டனை என்று ஒருநாள் தோன்றும். வயதாகிவிட்டது என்று மறுநாள் தோன்றும். பேருந்து நிலையச் சுவரில் சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கும் "சிறுத்த உறுப்பு, நரம்புத் தளர்ச்சி" நோட்டீஸ்களை அதுவரை நான் படித்ததில்லை. அந்த மாதங்களில் ஒவ்வொன்றையும் படித்தேன். ஒரு நோட்டீஸின் தொலைபேசி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் எச்சில் தொட்டு அழித்திருக்கிறேன்.

அந்த நோட்டீஸ்கள் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடலுறவு ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. மருந்து குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவை என்று அரசு விதிகளில் ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. உறுப்பின் அளவையும் வடிவத்தையும் மாற்றுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. லேகியத்தாலோ தைலத்தாலோ மாத்திரையாலோ அது நடக்காது. அந்தச் சுவரில் இருப்பது முழுக்க முழுக்க ஆண்களின் பயத்தை விற்கும் கடை. எனக்குக் கோபம் அதன் மேல்தான், அதைப் படித்துவிட்டு வந்தவன் மேல் இல்லை.

வீட்டில் என்ன செய்தேன்? குறட்டை என்று காரணம் சொல்லி ஹாலில் படுக்க ஆரம்பித்தேன். குளித்துவிட்டு வரும்போது துண்டை மார்புவரை ஏற்றிக் கட்டினேன். மனைவி தோளைத் தொட்டால் "பஸ்ல வந்தது உடம்பெல்லாம் வலிக்குது" என்பேன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவாள். அந்த மௌனத்தை அப்போது நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன்.

அப்புறம் அரிப்பு வந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் கடலூர் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், தொடை இடுக்கு எப்படி ஊறிப்போகும் என்று. முதலில் அங்கே வட்ட வட்டமாகப் படை. பிறகு முன்தோல் சிவந்து, நுனியில் நகத்தால் கீறியது போலச் சின்னச் சின்ன வெடிப்புகள். தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. "வெயிட்டக் குறைங்க" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டே போதும் என்று அடுத்த எட்டு மாதம் மெடிக்கலில் அதே டியூபை வாங்கிக்கொண்டிருந்தேன். தடவினால் இரண்டு நாளில் அடங்கும், விட்டால் நாலே நாளில் இன்னும் அகலமாக வரும்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவராக ஒரு டாக்டர். திரையை இழுத்துவிட்டு, "படுங்க சார், பாத்துடலாம்" என்றார். எத்தனை சாதாரணமாகச் சொன்னார்! தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்வது போல. பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு முதலில் கேட்டது: "சுகர் எப்ப பாத்தீங்க?"

நான் பார்த்ததே இல்லை. வெறும் வயிற்றில் 172. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 8.6. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய், சராசரி 6.5-ஐத் தொட்டாலும் அப்படியே. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் இறங்குகிறது. முன்தோலுக்கு அடியில் தங்கும் ஒவ்வொரு சொட்டும் பூஞ்சைக்குச் சாப்பாடு. புண் ஆறி ஆறி, தோல் வடுவாகி இறுகும். இறுகினால் பின்னால் தள்ளிக் கழுவ முடியாது. கழுவ முடியாவிட்டால் இன்னும் புண். நிறைய ஆண்களுக்குத் தமக்குச் சர்க்கரை இருப்பதே இந்த வெடிப்பை வைத்துத்தான் தெரியவருகிறது என்றார். உடம்பு எனக்குச் சொல்லி அனுப்பிய சேதியை எட்டு மாதம் வெட்கத்தில் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறேன்.

டியூபை வாங்கிப் பார்த்தவர், "இதுல க்ளோபெட்டசால் இருக்கு சார், கடுமையான ஸ்டீராய்டு. பூஞ்சைக்கு மேல இதப் போட்டா அரிப்பு தெரியாது, பூஞ்சை பாட்டுக்குப் பரவும்" என்றார். நம் ஊர்ப் பக்கம் தொடையிடுக்குப் படை இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குச் சீட்டில்லாமல் விற்கும் இந்த ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் ஒரு பெரிய காரணம். உங்கள் வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தால், இன்றே எடுத்து அட்டையைப் படித்துப் பாருங்கள்.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே, வாயில் வராமல் வராமல், கேட்டுவிட்டேன். "டாக்டர், சின்னதாகிட்ட மாதிரி இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். ஆணுறுப்பு தொடங்குவது நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. அதன் வேர் இரண்டாகப் பிரிந்து இடுப்பெலும்பின் அடியில் பிடித்திருக்கிறது. மேலே ஒரு நார், அதை எலும்பின் முன்பக்கத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அந்த எலும்புக்கு முன்னால், முடி வளரும் இடத்தில், எல்லா ஆணுக்கும் மெத்தை போலக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. எடை கூடும்போது அந்த மெத்தை தடிக்கிறது. தோல் முன்னால் வருகிறது, வேர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே தண்டு உள்ளே போனது போலத் தெரிகிறது. போதாததற்குத் தொங்கும் வயிறு மேலிருந்து வந்து மூடுகிறது. "நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையல சார். வெளிய தெரியுறதுதான் குறைஞ்சிருக்கு."

எனக்கு அந்த நிமிடம் தேவனாம்பட்டினம் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு வெள்ளி கடற்கரைக்குப் போயிருந்தேன். படகுக் கயிறு கட்ட நட்டிருந்த சவுக்குக் கட்டை ஒன்று, முன்பு இடுப்பளவு நின்றது, அன்று ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. கட்டை ஒடியவுமில்லை, தேயவுமில்லை. சுற்றி மணல் ஏறியிருந்தது. ஒரு மீனவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைச் சுற்றியிருந்த மணலை அள்ளி அள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அளவு பற்றிய கேள்வியையும் விட்டுவிடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் தேடுவது அதைத்தான். 2015-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவப் பணியாளர்களே அளவுகோல் வைத்து அளந்த கணக்குகளை மட்டும் எடுத்தார்கள். மொத்தம் 15,521 ஆண்கள். சாதாரண நிலையில் சராசரி 9.16 சென்டிமீட்டர், விறைத்த நிலையில் 13.12. இணையத்தில் காட்டப்படும் எண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அளப்பது எப்படி என்பதும் முக்கியம். அளவுகோலை மேல்பக்கம் வைத்து எலும்பு தட்டுப்படும்வரை கொழுப்பை அழுத்த வேண்டும். தோலில் இருந்து அளந்தால் தொப்பையையும் சேர்த்துக் கழித்த கணக்குத்தான் வரும். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணும் எப்போதும் குறைத்தே காட்டும்.

2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இணைய வழியில் ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்தார்கள். தன் அளவு போதும் என்ற ஆண்கள் நூற்றுக்கு 55. தன் துணையின் அளவு போதும் என்ற பெண்கள் நூற்றுக்கு 85. உடலில் கொழுப்பு கூடியவர்கள் தங்கள் அளவைக் குறைவாகவே சொன்னார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்! ஆனால் எடைக்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 28. புதுச்சேரியில் நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் நான் போகும் பஸ்ஸில் மூன்றில் ஓர் ஆணுக்காவது நான் கண்ணாடியில் பார்த்தது கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மறைந்துபோவதோடு விஷயம் முடிவதில்லை. வயிற்றுக் கொழுப்பு ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கைப் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆசை குறைகிறது, சோர்வு கூடுகிறது, மார்பும் திரள்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்துக்குப் போகிறவை மூன்று நான்கு மில்லிமீட்டர். சின்னக் குழாய் முதலில் அடைபடுகிறது. எனவே விறைப்புக் குறைவு சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்னாலேயே வரும் எச்சரிக்கை. இதை அந்த டாக்டர் சொன்னபோது எனக்கு வியர்த்தது. ஹாலில் படுத்திருந்த ராத்திரிகளில் என் கவலையெல்லாம் வேறு எங்கேயோ இருந்திருக்கிறது.

மிகவும் முற்றிய நிலையில் உறுப்பு முழுவதும் புதைந்து, சிறுநீர் தோல் மடிப்புக்குள்ளேயே தேங்கி, புண்ணும் வடுவுமாக இறுகிவிடும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு எடை குறைந்தாலும் தானாகச் சரியாகாமல் போகலாம். கொழுப்பை எடுத்து, கெட்டுப்போன தோலுக்குப் பதில் வேறு இடத்துத் தோலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். நான் அந்த ஓரத்துக்குப் போகவில்லை. எட்டு மாதம் எண்பது மாதமாகியிருந்தால் போயிருப்பேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி தரையில் முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். சுகர் என்றேன். "எவ்ளோ?" என்றாள். சொன்னேன். கை நிற்கவில்லை. அப்புறம் மீதியையும் சொன்னேன். பேன்ட் நனைந்தது, கண்ணாடி, டியூப், ஹாலில் படுத்தது எல்லாம். ஒரு காம்பை உருவி முடித்து, இன்னொரு காம்பை எடுத்து, அதையும் உருவினாள். முறத்தில் ஒரு மஞ்சள் இலையைத் தனியாக எடுத்துக் கீழே போட்டாள். தலை நிமிராமலே சொன்னாள்: "ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம் நான் குண்டாயிட்டேன்ல. அதனாலதான் ஒதுங்கறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஒன்றரை வருடம். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு பேரும் அவரவர் உடம்பை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு, அடுத்தவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறோம். அவள் கையைப் பிடித்தேன். கீரை வாசம் அடித்தது. அன்றிரவு பாயை ஹாலில் இருந்து எடுத்துவிட்டேன்.

எடை குறைத்த கதையை நீட்ட மாட்டேன். மாத்திரை, சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, பீரும் போண்டாவும் இல்லை, ஐந்தரைக்கு எழுந்து வெள்ளி கடற்கரையில் நடை. விடுமுறை நாளில் வேலை இருந்தால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடப்பேன், காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிம்மதியாக நடக்கலாம். பதினாலு மாதத்தில் 97 கிலோ 83 ஆனது. இடுப்புச் சுற்றளவு 112 சென்டிமீட்டரில் இருந்து 97. நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் ஏழு இருக்கிறது. சுகர் சராசரி 6.4. வெடிப்புகள் மூன்றாவது மாதமே நின்றன. நின்றபடி சிறுநீர் போகிறேன். இதை ஒரு சாதனையாக எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை, ஆனால் எனக்கு அது சாதனைதான்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது, உடம்பு தனக்குத் தோன்றிய வரிசையில்தான் கரைக்கிறது. எனக்கு முகம் முதலில் ஒட்டியது, அடிவயிறு கடைசியில். தோல் கொஞ்சம் தொங்குகிறது. இத்தனை கிலோ குறைத்தால் இத்தனை அங்குலம் வெளியே வரும் என்று இணையத்தில் உலவும் கணக்கை நம்பி அளவுகோலோடு உட்காராதீர்கள், ஒவ்வொரு உடம்பிலும் கொழுப்பு ஒவ்வொரு இடத்தில் சேர்கிறது. ஆனால் செயல் திரும்புகிறது. 2004-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், விறைப்புக் குறைவு இருந்த பருமனான ஆண்கள் 110 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சாப்பாட்டையும் நடையையும் கூடவே இருந்து திருத்தினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை இல்லாமலே சரியானது.

இன்னொன்று, சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு அங்கே பூஞ்சை அரிப்பு வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தினமும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தள்ள வரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், அதுவே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம்.

போன மாதம் மனைவியின் தம்பி போன் செய்தான். முப்பத்து மூன்று வயது, நூறு கிலோவைத் தாண்டியவன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள், இரண்டு இடம் தானாக வந்தும் இவன் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தான். வீட்டில் எல்லாரும் காதல் என்று சந்தேகப்பட்டார்கள். போனில் கிரிக்கெட், ஆபீஸ், மழை என்று இருபது நிமிடம் பேசினான். வைக்கப்போகும் நேரத்தில், "மாமா, உங்களுக்கு அந்த சுகர் எப்படித் தெரிஞ்சுது?" என்றான். அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பேன்ட் நனைந்ததில் இருந்து. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கும் அதே மாதிரிதான் மாமா" என்றான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அவனோடு போனேன். ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "என்னன்னு கேப்பாங்களே மாமா, என்ன சொல்றது?"

"தோல்ல புண்ணு, சுகரும் பாக்கணும்னு சொல்லு."

"மீதி?"

"மீதிய உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லு. நான் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேன்."